காலையில் பார்த்தது காலைக்கு

அவள் முதலில் அடிப்பாள். காரணத்தை அப்புறம் சொல்வாள். சில சமயம் சொல்லவும் மாட்டாள். அடி வாங்கியவனே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் அவளைச் சரியாகக் கவனித்தது கும்மிடிப்பூண்டி வண்டியில். ராயபுரத்தில் நான் ஏறுவேன். திருவொற்றியூரில் அவள் ஏறுவாள். பொன்னேரியைத் தாண்டி இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இரண்டு பேரும் கெமிக்கல், மூன்றாம் வருடம். ஒரே வகுப்பு என்றாலும் நான் முன் பெஞ்சு, அவள் கதவோரம். அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் விட்டு அவன் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்து ஒரே மடக்காக மடக்கினாள். முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் அலறிக்கொண்டே கத்திவாக்கத்தில் இறங்கி ஓடினான். அவள் ஈரக் கையை உதறுவதுபோல இரண்டு உதறு உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"உனுக்கு இன்டர்ன்ஷிப் கெட்ச்சிதா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனுக்கும் இல்ல. பேஜாரா கீது நைனா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். விரல் ஒடிந்தவனைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவேயில்லை.

அந்த வருடம் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. விடுமுறையில் ஏதாவது ஒரு ஆலையிலோ ஆராய்ச்சிக் கூடத்திலோ பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வந்தால்தான் கடைசி வருட புராஜெக்ட் உண்டு. இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஆலைக்கு எங்கள் பக்கம் என்ன பஞ்சம்? மொட்டை மாடியில் நின்று எந்தத் திசையில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு புகைக்கூண்டில்தான் படும். அத்தனை ஆலைகளின் நாற்றமும் தினமும் எங்கள் மூக்குக்குள் தாராளமாகப் போய்வந்தது. நாங்கள் அந்த ஆலைகளுக்குள் போகத்தான் வழியில்லை. மாமாவோ சித்தப்பாவோ உள்ளே பெரிய வேலையில் இருந்தவர்களுக்குத்தான் அந்த கேட் திறந்தது.

நான் மெயில் போட்டேன். ஊர் உலகத்தில் இருக்கிற பேராசிரியர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மெயிலைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரு தடவை பெயரை மாற்ற மறந்தும் போட்டேன். அம்மா தன் பங்குக்கு ராயபுரம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். இரண்டுக்கும் பதில் வரவில்லை.

"மெயிலு போட்டுகினே இரு. கெயவனாயிடுவ" என்பாள் அவள். "கெஞ்சி வாயி வலிக்கறத்துக்கு அட்ச்சி கை வலிச்சா தேவல மாமு."

அவள் கை வலிக்கிற சந்தர்ப்பங்களுக்குக் குறைச்சலே இல்லை. கேன்டீனில் வரிசையில் முந்தியவன், லேப் பையனின் தாயைப் பழித்தவன், திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் தெருநாயின் மேல் வெந்நீர் ஊற்றியவன், எல்லோரும் வாங்கினார்கள். அவளோடு நடந்து போகிறபோது எனக்கு எப்போதும் பயமாக இருக்கும். அவள் இல்லாமல் தனியாக நடக்கிறபோது அதைவிட அதிகப் பயமாக இருக்கும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒன்று விழுந்திருக்கும்.

தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. எந்தக் கம்பெனி பெயரில் வேண்டுமானாலும் பயிற்சிச் சான்றிதழ் முத்திரையோடு அங்கே அச்சடித்துக் கிடைக்கும் என்று வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் ஒரு சாயங்காலம் நானும் அவளும் போனோம். கடைக்காரர் சிரித்த முகம். உட்காரச் சொல்லி, மாதிரிக்கு என்று லேமினேட் செய்த ஒரு சான்றிதழை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அடுத்த கணம் கடைக்காரரின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைக் கண்ணாடி மேசையில் மோதினாள். கண்ணாடி விரிந்தது. அவர் மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளைத் தாள் கட்டின் மேல் கொட்டியது. லேமினேஷன் மெஷினை ஒயரோடு பிடுங்கி நடுரோட்டில் எறிந்தாள். அதன் மேல் ஒரு குட்டியானை லாரி ஏறி இறங்கிப் போனது. நான் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பாலம் தாண்டியதும் அவள் நின்று கையை உதறினாள்.

"அந்த கம்பெனி பேரு போட்டுக்கீறான்டா" என்றாள். "எங்கப்பன் அங்கதான் செத்தான்."

அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவள் அப்பா எண்ணூர் பக்கத்து ஆலை ஒன்றில் கான்ட்ராக்டில் தொட்டி கழுவுகிறவர். ஆள் இறங்குமுன் தொட்டிக்குள் நஞ்சு வாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். வாயு இருந்தால் அது கத்தும். காலையில் இறக்கியிருக்கிறார்கள், கத்தவில்லை. அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்கினார். ஏறி வரவில்லை. அவரைத் தூக்க இறங்கியவரும் ஏறி வரவில்லை.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் செத்தால் உடலை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். ஆலையின் கேட்டுக்கு முன்னால் கிடத்திவிட்டுக் குப்பம் முழுக்க சுற்றி உட்கார்ந்துவிடும். லாரி ஒன்றும் உள்ளே போகாது, வெளியே வராது. போலீஸ் வரும், சங்கத்துக்காரர்கள் வருவார்கள், ஒருவர் மண்டையாவது உடையும். கடைசியில் அதிகாரி வெளியே வந்து குடும்பத்தில் ஒருவருக்கு வாரிசு வேலை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் உடல் நகரும். அவள் பள்ளிக்கூட யூனிபார்மோடு அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தாளாம். பொண்ணு படிச்சு முடிக்கட்டும், வேலை தருகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்களாம்.

ஜெராக்ஸ் கடைச் சம்பவம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். பயிற்சி கிடைக்காத எங்கள் கூட்டத்தில் அவளையும் சேர்த்து ஆறு பேர். "நாளிக்கு இன்டர்வியூ கீது, டை கட்டிகினு வாங்கடா" என்றாள். நாங்கள் இஸ்திரி போட்ட சட்டை, இரவல் டை, கையில் ஃபைல் என்று அவள் சொன்ன ஆலை வாசலில் போய் நின்றோம். அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட அவள் அம்மா. அம்மா கையில் மாலை போட்ட அப்பாவின் போட்டோ.

போட்டோவை கேட்டுக்கு நேர் நடுவில் தரையில் வைத்து ஊதுவத்தி கொளுத்தினாள். "குந்துங்கடா" என்றாள். நாங்கள் டையோடு குந்தினோம். ஐந்து நிமிடத்தில் லாரிகள் மணலி ரோடு வரைக்கும் நின்றுவிட்டன. டிரைவர்கள் இறங்கி வந்து, இப்போது செத்தது யார், உடல் எங்கே என்று எங்களைக் கேட்டார்கள். ஒருவர் என் டையைப் பார்த்துவிட்டு, "நீ சாவுக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்றார்.

செக்யூரிட்டி ஒருவன் வந்து கத்தினான். பிறகு போட்டோவைக் காலால் தள்ளினான். அவ்வளவுதான். அவன் கையிலிருந்த தடி அவள் கைக்கு எப்படிப் போனதென்று எனக்கு இன்னும் புரியவில்லை. முதல் அடி அவன் முட்டியில், இரண்டாவது செக்யூரிட்டி கேபின் கண்ணாடியில். மூன்றாவதை ஓங்கியபோதுதான் அதிகாரி வெளியே வந்தார். முழுக்கைச் சட்டை போட்ட, பயந்த மனிதர்.

"என்னம்மா வேணும் உனக்கு?"

"எங்கப்பனுக்கு பதிலா வேல தர்றேன்னு சொன்னீங்கள்ல?"

"படிச்சு முடிச்சிட்டியா? முடிச்சதும் பார்ப்போம்மா. ரெக்கார்டுல இருக்கு."

"அந்த வேல எனுக்கு வாணா சார்" என்றாள். "அத்த நீங்களே வெச்சிக்கங்க. பதிலுக்கு இந்த ஆறு பேத்துக்கும் டிரெய்னிங் குடுங்க. பெருக்கற வேல இல்ல. லேபுல, பிளாண்டுல. முடிச்சா சர்டிபிகேட்டு. அவ்ளோதான்."

அதிகாரி முகத்தில் நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். ஒரு நிரந்தர வேலைக்குப் பதில் ஆறு பேருக்கு ஒரு மாதம் உள்ளே நிற்க இடம். அவருக்கு அதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. உடனே சரி என்றார்.

போட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா எழுந்து வந்து அவளைப் பளார் என்று அறைந்தாள். "எம்புருசன் உசுருக்கு குட்த்த வேலடி அது! கண்டவனுக்கு தூக்கி குட்க்கிறியா?" இன்னொன்று. அதற்கு மேல் ஒன்று. அந்த அம்மாவின் கையைப் பார்த்தபோது மகளின் கை எங்கிருந்து வந்ததென்று தெரிந்துவிட்டது. அவள் கையைத் தொங்கவிட்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். அடித்து ஓய்ந்த அம்மா போட்டோவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிப் போனாள். உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி அவள் எங்களிடம், "பைல ஒயுங்கா வெச்சிக்கங்கடா, உள்ள கேப்பாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அந்த டையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்படித்தான் நாங்கள் உள்ளே போனோம். கழுத்தில் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. அவளை லேபில் போட்டார்கள், என்னைக் கழிவுநீர்ப் பிரிவில். அங்கே சூப்பர்வைசர் கத்திவாக்கத்துக்காரர், பெரிய மீசை, பெரிய சிரிப்பு. எங்களைப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டார். அவர் டிபன் பாக்ஸில் இருந்த இறால் தொக்கில் பாதி எங்களுக்குத்தான். அவளிடம் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவார். கேபின் கண்ணாடியை அவர்தான் ஆள் வைத்து மாற்றியிருந்தார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவள் என்னைக் கேன்டீனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். யாரையோ அடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போனை நீட்டினாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பெரிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்றிலிருந்து மெயில். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகள் மேல் ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர், மாதக் கடைசியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்.

"நீ எப்ப மெயில் போட்ட?"

"உன்ன பாத்துதான் போட்டேன். ஒண்ணே ஒண்ணு." அவள் எழுதியதைக் காட்டினாள். மரியாதைக்குரிய ஐயா, கற்க ஆர்வமாக உள்ளேன் என்ற பேச்செல்லாம் இல்லை. என் அப்பா இறந்த தொட்டியில் காலையில் மீட்டர் கத்தவில்லை, மதியம் ஆள் செத்துப்போனார், நடுவில் அந்தத் தொட்டிக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

"யாரயும் அடிக்கல மாமு" என்றாள். "தானா குட்த்தாங்க." அதை இரண்டு மூன்று முறை சொன்னாள். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டாள். அவள் கை ஓங்காமல் அவளுக்குக் கிடைத்த ஒரே பொருள் அது. நாள் எண்ண ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்க அவள் ஒருவனைக்கூட அடிக்கவில்லை. வண்டியில் ஒருவன் அவள் காலை மிதித்தபோது "பாத்து போங்க" என்றாள். நான் பயந்தே போனேன்.

அடுத்த வாரம் கழிவுநீர்த் தொட்டி ஒன்றைக் காலி செய்து கழுவினார்கள். மதியச் சாப்பாடு முடிந்து வந்த சூப்பர்வைசர், "தம்பி, உன் ரிப்போர்ட்டுக்கு சேறு சாம்பிள் வேணும்னியே. இப்ப எறங்கி எட்த்துக்க. ஒண்ணியும் பயமில்ல" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பூட்ஸ் மாட்டி, ஹெல்மெட் போட்டு, வட்டத் திறப்பில் இறங்கி ஏணியின் இரண்டாவது படியில் கால் வைத்தேன். இடுப்பு வரை உள்ளே போய்விட்டது.

அப்போது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. லேப் சாம்பிள் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவள் கையிலிருந்ததை அப்படியே விட்டிருந்தாள். ஓடி வருகிற வழியில் கீழே கிடந்த பைப் ரெஞ்சை எடுத்ததை நான் பார்த்தேன். கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அது சூப்பர்வைசரின் காதோரம் இறங்கிவிட்டது.

ஹெல்மெட் பறந்தது. அவர் சுழன்று விழுந்தார். விழுந்தவரின் தோளில் இன்னொன்று இறங்கியது. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பில் என்னை வெளியே இழுத்துப் போட்டாள். தொட்டியின் விளிம்பில் மோதி என் முன்பல் பாதி போனது. நான்கு ஆட்கள் ஓடி வந்து அவளைப் பிடித்தார்கள். ஒருவன் அவள் வயிற்றில் உதைத்தான். அவள் அவன் கையைக் கடித்துத் தசையைப் பிய்த்தாள். எல்லோரையும் உதறிக்கொண்டு போய்த் தொட்டியின் வாயை அடைத்து உட்கார்ந்துகொண்டாள். ரெஞ்ச் கையிலேயே இருந்தது.

"காலைலயே மீட்டர் வுட்டு பாத்தாச்சும்மா! ஒண்ணும் இல்லம்மா!" என்று ஒரு ஆபரேட்டர் அழுகிற குரலில் கத்தினார்.

"காலைல பாத்தது காலைக்கு!" அவள் தொண்டை கிழிந்தது. "எங்கப்பனுக்கும் காலைலதான்டா பாத்தானுங்க! இப்ப வுடு! எங்கண்ணு முன்னால வுடு!"

மீட்டரைக் கொண்டுவந்தார்கள். அவளே கயிற்றைப் பிடித்து இறக்கினாள். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். ரத்தம் வழிகிற வாயை மூடிக்கொண்டு நானும் காது கொடுத்துக் கேட்டேன். கத்து, கத்திவிடு என்று நான் அந்தப் பெட்டியை வேண்டினேன். நான் சாகப் போயிருந்தேன் என்று அது சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

மீட்டர் கத்தவில்லை. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

அவள் மேலே இழுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி இறக்கினாள். அடிவரை இறக்கினாள். அப்போதும் அது கத்தவில்லை. ரெஞ்ச் கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. தவழ்ந்த மாதிரி சூப்பர்வைசரிடம் போனாள். அவர் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. துப்பட்டாவைச் சுருட்டி அந்தக் காதில் வைக்கக் கையை நீட்டினாள். அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு, "வாணாம்மா, அட்ச்சிராதம்மா" என்று உடம்பைச் சுருட்டிக்கொண்டார்.

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையை மெல்ல மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். எவ்வளவு பேரை அடித்திருக்கிறாள், ஒருவனுக்காகவும் அவள் முகம் அப்படி ஆனதில்லை.

போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. சூப்பர்வைசர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே, பசங்க படிப்பைக் கெடுக்காதீங்க என்று அதிகாரியிடம் சொன்னாராம். எங்கள் ஐந்து பேருக்கும் சான்றிதழ் வந்தது. தனக்குப் புகார் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஆலை விடவில்லை, வழக்குப் போட்டது. ஆராய்ச்சிக் கூடத்தில் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். கல்லூரி முதல்வர் தர மறுத்துவிட்டார். இடம் போய்விட்டது. இடம் இல்லை என்று வந்த மெயிலை அவள் ஸ்டேஷன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தாள். படித்துவிட்டுக் கையை உதறினாள். யாரையும் அடித்திருக்கவில்லை, சும்மாதான் உதறினாள். அன்றைக்கு மட்டும் தொட்டியில் வாயு இருந்திருந்தால் ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும். இல்லாமல் போனது அவள் கெட்ட நேரம், என் நல்ல நேரம். இப்படி நினைத்தாலே எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

இப்போது நான் அதே ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். சூப்பர்வைசரும் இருக்கிறார். ஒரு காது கேட்காது. பேசுகிறவர்களுக்கு மற்ற காதைத் திருப்புவார். ஆள் இறங்குமுன் மீட்டரைப் புதிதாக விடுவார், காலையில் பார்த்திருந்தாலும் விடுவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள் காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியில் கம்ப்ரசர் பார்க்கிறாள். கடைசி வருடத்தைத் தட்டுத்தடுமாறி முடித்தாள், வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. அவளைத் தேடி இன்னும் பிள்ளைகள் போகிறார்கள், வண்டியில் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு. அவள் எனக்கு போன் போடுவாள். "டேய், புளியந்தோப்புலேந்து ஒரு பொண்ணு வர்து. நல்லா பட்ச்சிக்கீது. டிரெய்னிங் குடு. டபாய்ச்சின்னா நேர்ல வர்வேன்." நான் கொடுக்கிறேன். பயமா, பாசமா என்று பிரித்துப் பார்த்ததில்லை.

அவளால் நேரில் வர முடியாது. அதுதான் விஷயம். எங்கள் செக்யூரிட்டி கேபினில், அன்றைக்கு மாற்றிய அதே கண்ணாடிக்கு உள்பக்கம், அவள் போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டி வைத்திருக்கிறார்கள். கீழே 'உள்ளே அனுமதிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கும். பயிற்சிக்கு வந்தபோது அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோ. அதில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது நான் அதைப் பார்த்தாக வேண்டும்.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. செக்யூரிட்டி கேபினும் இனி என் பொறுப்பு. முதல் வேலையாக அவளுக்கு போன் செய்தேன். பின்னால் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"உன் போட்டோவ கிழிச்சிடப் போறேன். இனிமே என்னை யாரும் கேட்க முடியாது" என்றேன்.

கம்ப்ரசர் இரைச்சல் குறைந்தது, அவள் தள்ளி வந்திருக்க வேண்டும். பிறகு, "வாணாம், வுடு" என்றாள். "எங்கப்பன் போட்டோவ கேட்டுக்கு வெளியதான் வெச்சோம். என்து உள்ள கீதுல்ல? இர்ந்துட்டு போட்டும்."